பழுப்புப் புள்ளியா, பூஞ்சணமா? பழைய தாள் சேர்ப்பவர்களின் வேலூர்ப் பக்கத்து அனுபவங்கள்

காட்பாடி:

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து ஆல்பத்தைத் திறக்கிற எல்லோரும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். "சார், தாளில் பழுப்புப் புள்ளி வந்திருக்கு, எதைப் போட்டால் போகும்?" எதையும் போடுவதற்கு முன்னால் அது புள்ளியா பூஞ்சணமா என்று பார்த்துவிடுங்கள். பாதிப் பேர் புள்ளியை எடுக்கப் போய்த் தாளையே தொலைக்கிறார்கள். உடனே கவனிக்க வேண்டிய பூஞ்சணத்தை "தூசிதானே" என்று விட்டுவிடுகிறார்கள்.

பெரியப்பாவின் தபால்தலை ஆல்பங்கள் எங்கள் கைக்கு வந்தது 2021 நவம்பரில், பாலாற்றில் வெள்ளம் போன சமயம். அவர் வீட்டுக்குள் தண்ணீர் ஏறவில்லை. ஆனால் சுவர் ஊறி, அதை ஒட்டி நின்ற இரும்பு பீரோவின் உள்பக்கமெல்லாம் வியர்த்திருந்தது. ஆல்பத்தைத் திறந்ததும் மக்கல் வாடை. ஆறாம் ஜார்ஜ் தலைகள் இருந்த பக்கத்தின் ஓரத்தில் சாம்பலும் பச்சையுமாக ஏதோ படர்ந்திருந்தது. டார்ச்சைத் தாளோடு தாளாகப் படுக்கவைத்து அடித்தேன். பூஞ்சணம் என்றால் மேலே எழும்பி நிற்கும், பொடிப்பொடியாக நிழல்கூட விழும். ஃபாக்ஸிங் எனப்படும் செம்பழுப்புப் புள்ளி அப்படி எழும்பாது. அது நாருக்குள் ஊறிக் கிடப்பது. லென்ஸ் வைத்தாலும் மேடு தெரியாது. தாள் தயாரிப்பில் சிக்கிய இரும்புத் துகள், காற்றின் ஈரம், எப்போதோ வந்துபோன பூஞ்சை என்று பல காரணம் சொல்கிறார்கள். எல்லாத் தாளுக்கும் ஒரே காரணம் பொருந்துவதில்லை.

முதல் வேலையாக அந்த ஆல்பங்களை மற்ற சேகரிப்பிலிருந்து பிரித்து வேறு அறையில் வைத்தேன். பக்கங்களுக்கு நடுவே மையொற்றுத் தாள் செருகி, அது ஈரமானதும் மாற்றிக்கொண்டே இருந்தேன். ஈரமாக இருக்கும் பூஞ்சணத்தைத் துடைக்கவே கூடாது. பிரஷ் நுனியால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். இழுபட்டால் இன்னும் காயவில்லை. தேய்த்தால் நாருக்குள் இறங்கி நிரந்தரக் கறையாகிவிடும். நன்றாகக் காய்ந்தது தூளாக உதிரும். அப்போதுதான் மொட்டை மாடிக்கு எடுத்துப் போனேன். கொரோனா காலத்து என்95 முகக்கவசம் மிச்சமிருந்தது, அதைப் போட்டுக்கொண்டு, காற்று நம் முதுகுப் பக்கமிருந்து வருகிற மாதிரி நின்று, வாட்டர் கலர் பிரஷால் உள்ளிருந்து வெளியே ஒரே திசையில் தள்ளினேன். வீட்டுக்குள் மின்விசிறிக்குக் கீழே இதைச் செய்தால் அலமாரி முழுக்க விதை தூவியதாகத்தான் அர்த்தம். ஆஸ்துமா உள்ளவர்கள் வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். வேலை நிழலில்தான், வேலூர் வெயில் பூஞ்சணத்தோடு சேர்த்து நிறத்தையும் கொண்டுபோய்விடும்.

வேலூர்ப் புரட்சியின் 200ஆம் ஆண்டுக்கு 2006ல் வந்த தபால்தலையும் அதில் இருந்தது, பசையோடு புதுசாக. ஈரத்தில் பசை இளகி ஆல்பப் பக்கத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. தண்ணீரில் போட்டால் பிரிந்துவிடும், ஆனால் பசை போய்விடும். சுற்றிலும் பக்கத்தைக் கத்தரித்து அப்படியே வைத்திருக்கிறேன். பழுப்புப் புள்ளிகளையும் ஒன்றும் செய்யவில்லை.

குடியாத்தம்:

அண்ணா சொன்னது சரி. தீப்பெட்டி லேபிளில் கூடுதலாக ஒரு தொல்லை உண்டு. எங்கள் ஊரில் தீப்பெட்டித் தொழில் இருந்ததால் சின்ன வயதிலிருந்தே லேபிள் சேர்க்கிறேன். பெட்டியில் ஒட்டாத புதுத் தாள் ஒரு ரகம், பெட்டியிலிருந்து உரித்தது இன்னொரு ரகம். உரித்ததன் பின்னால் பசை மிச்சமிருக்கும். ஒரே ஆல்பத்தில் புதுத் தாள் சுத்தமாக இருக்க, பக்கத்திலேயே உரித்த லேபிள் மட்டும் பசை இருந்த அச்சுப் பிசகாமல் பூத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். பூஞ்சணத்துக்கும் இராமபாணப் பூச்சிக்கும் அந்தப் பசைதான் சாப்பாடு. அதனால் உரித்ததைத் தனி ஆல்பத்தில் வைக்கிறேன். பைண்டிங் பசையில் மயில்துத்தம் கலக்கும் வழக்கம் உண்டு. பூச்சிக்கு அது நல்ல மருந்துதான். ஆனால் அதில் இருப்பது தாமிரம், தாள் சீக்கிரம் நொறுங்க அதுவே வழி செய்யும். லேபிளுக்கு வேண்டவே வேண்டாம்.

அப்புறம் பிளீச்சிங். எனக்குத் தெரிந்த ஒரு நண்பர் குளியலறைக்கு வாங்கி வைத்த பிளீச்சைக் கரைத்து லேபிள்களை முக்கினார். அன்றைக்குப் பார்க்க வேண்டுமே, அச்சகத்திலிருந்து நேராக வந்ததுபோல் பளீரென்று இருந்தது. அடுத்த மழைக்காலத்துக்குள் மஞ்சளேறி, மடிப்பில் கை வைத்தால் பொடிந்தது. குளோரினை என்னதான் அலசினாலும் நாரில் மிச்சம் நிற்கிறது.

ஆற்காடு:

நான் தபால் உறைகள் சேர்ப்பவன். 1989ல் திருவண்ணாமலைப் பக்கம் தனி மாவட்டமாகப் பிரிந்ததும் மீதி "வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்" ஆனது. தொண்ணூறுகளிலேயே அது வேலூர் மாவட்டமாகிவிட்டது. அந்தக் கொஞ்ச காலத்து அலுவலக முத்திரை குத்திய உறைகள்தான் என் பைத்தியம். ஊதா ரப்பர் ஸ்டாம்ப் மை! தண்ணீர் பட்டாலும் ஸ்பிரிட் பட்டாலும் கரைந்து ஓடும். பூஞ்சணத்துக்கு ஸ்பிரிட் போட்டுத் துடை என்று யாராவது சொன்னால் உறையில் எதற்காகக் காசு கொடுத்தோமோ அதுவே போய்விடும். பால்பாயிண்ட் பேனா எழுத்தும் ஸ்பிரிட்டில் நிற்காது. தாத்தா காலத்துக் கடிதமென்றால் காப்பியிங் பென்சிலா என்று பாருங்கள். காய்ந்திருக்கும்போது சாதாரணப் பென்சில் மாதிரி சாம்பலாகத் தெரியும், ஒரு சொட்டு ஈரம் பட்டால் ஊதாவாகப் பூத்துவிடும்.

இன்னொன்று, லேமினேஷன். எங்கள் உறவில் ஒருவர் பழைய பத்திரத்தை "பத்திரமாக இருக்கட்டும்" என்று கடையில் கொடுத்துச் சூட்டில் ஒட்டிவிட்டார். உள்ளே இருந்த ஈரமும் பூஞ்சணமும் சேர்த்துதான் அடைபட்டன. இனி யாராலும் பிரிக்க முடியாது.

குடியாத்தம்:

ஹைட்ரஜன் பெராக்சைடு மென்மையானது என்கிறார்களே, அதைப் புள்ளிக்கு மட்டும் தொட்டு வைக்கலாமா? நான் இன்னும் முயற்சி செய்யவில்லை.

காட்பாடி:

வேண்டாம் தம்பி. புள்ளியில் இரும்பு இருந்தால் பெராக்சைடு அதோடு சேர்ந்து அந்த இடத்து நாரையே அரித்துவிடும். நிறம் போகும், சில வருடத்தில் அங்கே தாள் வலுவிழந்துவிடும். விற்கிற எண்ணம் இருந்தாலும் வெளுப்பது நஷ்டம்தான். அனுபவமுள்ளவர் புற ஊதா விளக்கில் காட்டினால் கை வைத்த இடம் பெரும்பாலும் தனியாகத் தெரிந்துவிடும். புள்ளியோடு இருக்கும் அசல் தாளுக்கு ஒரு விலை உண்டு, வெளுத்ததுக்குக் கேட்கவே ஆள் இல்லை. நிஜமாகவே அரிய தாளென்றால் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் பாதுகாப்பு வேதியியல் கூடம் இருக்கிறது, அங்கே விசாரித்துவிட்டுத் தொடுங்கள்.

ராணிப்பேட்டை:

நாங்கள் வசம்பும் வேப்பிலையும் போட்டு வைக்கிறோம் சார். பாச்சை உருண்டையும் உண்டு. அப்படியும் மழைக்கு ஒரு வாடை வருகிறது.

காட்பாடி:

அதெல்லாம் பூச்சிக்கு. பூஞ்சணத்துக்கு ஈரம்தான் கணக்கு. காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குள் இருந்தால் பெரும்பாலும் முளைக்காது. ஈரப்பதமானி ஒன்று வாங்கி அலமாரிக்குள் வையுங்கள், விலை அதிகமில்லை. நவம்பரில் என் அறையில் 75ஐத் தாண்டுகிறது, ஏப்ரலில் நன்றாகவே இறங்கிவிடும். அதனால் ஆல்பத்தைப் பிரித்துக் காற்றாட விடுவது, மூடியிறுகும் டப்பாவில் போடுவது எல்லாம் மாசியில் தொடங்கிச் சித்திரைக்குள் முடித்துவிடுவேன். ஈரத்தோடு டப்பாவை மூடினால் உள்ளேயே பயிர் வைத்த கணக்கு. பீரோவைச் சுவரை விட்டு அரையடியாவது தள்ளிப் போடுங்கள். பிவிசி உறை வேண்டாம், பாலியெஸ்டர் உறை கேளுங்கள். டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் போடலாம். நீல நிறத்தில் வருவதில் கோபால்ட் இருக்கிறது, ஆரஞ்சு நிறத்தில் கேட்டு வாங்குங்கள். அது பச்சையானால் ஈரம் குடித்து நிரம்பிவிட்டது என்று அர்த்தம்.