மறு: ‘மாட்’ – ‘திருத்தம்’ வேண்டாம், ‘ஒட்டுக்கட்டு’ என்று வைப்போம்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். ஏற்கெனவே உள்ள கணினி ஆட்டத்தை மாற்றுவதையோ அதில் புதியதைச் சேர்ப்பதையோ குறிக்கும் ‘மாட்’, ‘மாடிங்’ சொற்களுக்குத் தமிழ் தேடுகிறோம். நான் பேசுவது உரை ஆட்டங்களைப் பற்றி: படமில்லாமல், திரையில் வரும் எழுத்தைப் படித்து, கட்டளை தட்டி, பலர் இணையத்தில் சேர்ந்து ஆடுபவை.

> ‘மாடிங்’ என்பதற்கு ‘ஆட்டத்திருத்தம்’ போதும். எல்லோருக்கும் உடனே புரியும்.

உடனே புரிவதுதான் சிக்கல். திருத்தம் என்றதுமே முன்பிருந்தது பிழை என்ற எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது. கல்லூரிக் காலத்திலிருந்து ஒரே உரை ஆட்டத்தில் புழங்கிவருபவரிடம் ‘உங்கள் ஆட்டத்தைத் திருத்திவிட்டோம்’ என்று அறிவித்துப் பாருங்கள். அடுத்த வாரம் அவர் வரமாட்டார்.

1978இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா தொடங்கி ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்த ‘மட்’ முதற்கொண்டு, இந்த ஆட்டங்களுக்கு எழுத்துதான் எல்லாம். ஊரின் படம் ஆட்டக்காரரின் மனத்தில் இருக்கிறது; விரல்களிலும் இருக்கிறது. கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1991இல் வெளிவந்த ‘டிகுமட்’ என்னும் ஆட்டத்தின் வழிவந்த ஆட்டங்களில் பழகியவர், அவற்றில் வரும் மிட்கார்ட் நகரின் கோயிலிலிருந்து சந்தைச் சதுக்கத்துக்குப் போகத் திரையைப் படிப்பதில்லை. தெற்கு, தெற்கு என்று விரல் தானாகத் தட்டும்.

அந்த இரண்டு தெற்குக்கும் நடுவே புதிய அறை ஒன்றை நுழைத்தால் என்ன ஆகும்? அந்த வழியாகப் போகிற ஒவ்வொரு முறையும் அவர் ஓர் அடி முன்னதாகவே நின்றுவிடுவார். மனப்பாடமான பாதை, ஆட்டத்தோடு இணைக்கும் கிளையன்ட் மென்பொருளில் சேமித்த பாதை எல்லாம் பிசகிவிடும். இதற்குச் சொல் தேட வேண்டியதே இல்லை. பழைய நூல்களைப் பதிப்பித்தவர்கள் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்: இடைச்செருகல். ஆகவே முந்தைய மடலில் வந்த ‘செருகல்’ என்பதை மாடிங் முழுமைக்கும் வைக்காமல், இந்தக் குற்றத்துக்கு மட்டும் ஒதுக்கிவைப்போம்.

வரிகளை மாற்றுவது இதைவிடக் கொடிது. ‘நீ ஓநாயை அடிக்கிறாய்’ என்று இருந்ததை ‘உன் வாள் ஓநாயின் தோளைப் பிளக்கிறது’ என்று நிரலாளர் ஆசையோடு அழகுபடுத்துகிறார். பழைய வரியை நம்பிப் பலர் ட்ரிக்கர் எழுதி வைத்திருப்பார்கள்: இந்த வரி வந்தால் ஒலி எழுப்பு, அந்த வரி வந்தால் மருந்து குடி. வரி மாறினால் ட்ரிக்கர் ஊமையாகிவிடும். பார்வையற்ற ஆட்டக்காரர்கள் பலர் இந்த ஆட்டங்களில் இருக்கிறார்கள். திரைவாசிப்பானை வைத்துக்கொண்டு மற்றவர்களுக்குச் சமமாக ஆட முடிகிற இணைய ஆட்டங்கள் வேறு அதிகம் இல்லை. எச்சரிக்கையைச் சிவப்பு நிறத்தில் மட்டும் காட்டுகிற புதுமை அவர்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறது. இந்த ஒன்றில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இனி என் சொல்: ஒட்டுக்கட்டு.

குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. ஒரு மரத்தின் கிளையை இன்னொரு செடியோடு சேர்த்துக் கட்டி வளர்ப்பது அது. வேர்ச்செடி நின்ற இடத்திலேயே நிற்கும். கனி மட்டும் புதிதாக வரும். அதிலும் நெருக்கு ஒட்டு என்று ஒரு முறை இருக்கிறது. இரண்டு செடிகளும் தத்தம் வேரில் உயிரோடிருக்க, தண்டோடு தண்டு சேர்த்துக் கட்டுவார்கள். நன்றாக ஒட்டிய பிறகே கத்தி வைப்பார்கள். உரை ஆட்டத்துக்கும் அந்தப் பொறுமை வேண்டும். புதிய சண்டை வரிகளை வேண்டியவர் மட்டும் ஒரு கட்டளையால் முடுக்கிக்கொள்ளட்டும். உயிர்ப்புள்ளி போன்ற அளவுகளை உரைவரியில் கைவைக்காமல் கிளையன்ட் மென்பொருளுக்குத் தரவை அனுப்பும் ஜிஎம்சிபி நெறிமுறை வழியே தனியாக அனுப்பலாம்.

காட்பாடியில் நாங்கள் சிலர் நடத்தும் ஆட்டத்தில் வேலூர்க் கோட்டையைச் சேர்த்தபோது, அகழியையும் ஜலகண்டேசுவரர் கோயிலையும் நகரின் நடுவில் வைக்கத்தான் எல்லோருக்கும் ஆசை. ஆனால் அதுவரை எங்கும் இட்டுச்செல்லாத மேற்கு வாசலுக்கு அப்பால் வைத்தோம். பழைய பாதை ஒன்றுகூடப் பிசகவில்லை. பழையவர்களே புதியவர்களைக் கோட்டைக்கு அழைத்துப் போகிறார்கள்.

வேர்ச்செடியின் பெயரை மறைக்காததும் இந்தச் சொல்லுக்குள் அடங்க வேண்டும். ஆட்டத்துக்குள் நுழையும்போதே மூல ஆசிரியர்களின் பெயர்களைக் காட்ட வேண்டும் என்பது டிகுமட் வெளிவந்தபோது அதன் உரிமத்தில் இருந்த நிபந்தனை. அதிலிருந்து கிளைத்த மெர்க், சர்க்கிள்மட் ஆகியவற்றுக்கும் அது பொருந்தும்.

> ஆட்டக்காரர்களிடம் வாக்கெடுப்பு நடத்திவிட்டு எதை வேண்டுமானாலும் மாற்றலாமே?

லாம்டாமூ என்னும் இணைய உரை உலகின் நிர்வாகிகள் 1992இல் சமூக முடிவுகளிலிருந்து விலகிக்கொண்டார்கள். பிறகு மனுக்களும் வாக்கெடுப்பும் வந்தன. 1996இல் நிர்வாகிகளே மீண்டும் பொறுப்பேற்க நேர்ந்தது. கேட்பது நல்லது, கட்டாயம் கேட்க வேண்டும். பெரும்பான்மை வாக்கால், தோற்ற சிறுபான்மையின் ட்ரிக்கர்கள் பிழைத்துவிடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

> ‘ஒட்டு’ என்பதை பேட்ச்சுக்கு (மென்பொருளின் குறையைச் சரிசெய்யும் சிறு நிரலுக்கு) எழுதுகிறோம். அவசரத்தில் ‘ஓட்டு’ என்றும் படித்துவிடுவார்கள்.

இரண்டும் நியாயமான ஆட்சேபங்கள். அதனால்தான் ‘ஒட்டு’ என்று நிறுத்தவில்லை. ஒட்டுக்கட்டு, ஒட்டுக்கட்டுதல், ஒட்டுக்கட்டுநர், ஒட்டுக்கட்டிய ஆட்டம் என்று பெயராகவும் வினையாகவும் இது இணங்கி வருகிறது. விருப்பப்படி முடுக்கிக்கொள்ளும் வகைக்கு ‘நெருக்கு ஒட்டு’ என்றே எழுதலாம்.

ஒன்று மீதமிருக்கிறது. சண்டைக் கணக்கின் சூத்திரத்தையே மாற்றுவதும், எல்லோருடைய பாத்திரங்களையும் அழித்துப் புதிதாகத் தொடங்குவதும் எந்த வகையிலும் ஒட்டுக்கட்டு ஆகாது. அவற்றுக்குத் தனிச்சொல் வேண்டும். ‘வேர்மாற்றம்’ என்று எனக்குத் தோன்றுகிறது. அதைவிடக் கண்டிப்பான சொல் கிடைத்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
காட்பாடியிலிருந்து