மறு: செத்தும் அடங்காதவற்றுக்கு ஒரு தொகைப்பெயர்

அனைவருக்கும் வணக்கம்.

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடை உருட்டிப் பாத்திரமேற்று ஆடும் ஆட்டத்தின் 1977 மான்ஸ்டர் மேனுவலில் (அதன் அரக்கர் விவர நூல்) வரும் அன்டெட் வகைகளை, அதாவது செத்தும் அடங்காதவற்றை, அதே ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்புக்கு மாற்றித் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். சனிக்கிழமை ஆட்டத்துக்குள் அட்டைகள் மாணவர்கள் கையில் இருக்க வேண்டும். எலும்புக்கூடு, ஜாம்பி, வைட் (உயிராற்றலை உறிஞ்சும் பிணம்), ரெய்த், ஸ்பெக்டர் (இரண்டும் உடலற்ற ஆவிகள்), லிச் (செத்த பின்னும் மந்திரத்தால் நிலைத்திருக்கும் மந்திரவாதி) எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு சொல் தேவை. பூசாரிப் பாத்திரமான கிளெரிக் இவற்றை விரட்டும் ஆற்றலின் பெயரிலேயே அது வருவதால் தவிர்க்கவும் முடியாது. 'இறவாதவை' சரிவருமா?

———

> 'இறவாதவை' சரிவருமா?

வராது ஐயா. அது எதிர்மறை வினையாலணையும் பெயர். சாகவே சாகாதவை என்று பொருள்படும். தேவர்களுக்குப் பொருந்தும். இவையோ செத்தவை. 'நடைபிணம்' நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறதே! (ஒற்று மிகுமா என்ற வழக்கை இன்னொரு நாள் பார்க்கலாம்.)

———

ரெய்த்துக்கும் ஸ்பெக்டருக்கும் உடலே இல்லை. அவை எப்படிப் பிணமாகும்? 'வையத்து அலகையா வைக்கப் படும்' என்கிறது குறள் 850. அலகை என்றால் பேய். 'அலகை' என்றே வைப்போம். அல் என்றால் இரவு. இரவில் உலவுவதால் அலகை என்பது என் நெடுநாள் ஊகம்.

———

அந்த ஊகத்தை நான் ஏற்கவில்லை. அதைவிட முக்கியம், அட்டையைப் படிக்கப்போகும் பிள்ளைகளுக்கு அலகை தெரியாது. 'பேய்' என்றால் யாருக்கும் புரியும்.

———

புரியும், ஆனால் பொருள் மாறிவிடும். கலிங்கத்துப்பரணியின் பேய்கள் பசித்துக் கிடக்கின்றன, போர்க்களத்தில் கூழ் சமைத்து உண்கின்றன. அவை தனி இனம்; செத்த மனிதர்கள் அல்லர். 'மாண்டுலவி' எப்படி? உடல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொருந்தும்.

———

தொகைப்பெயரைவிட எனக்குத் தனிப்பெயர்களில்தான் கவலை. ரெய்த்துக்குச் 'சிறுபேய்', ஸ்பெக்டருக்குப் 'பெரும்பேய்' என்று ஒருவர் தனிமடலில் சொல்லியிருந்தார். பழைய நூலுக்கு அது சரி: ரெய்த்தின் உயிர்ப்பகடை (உயிர்ப்புள்ளிகளைத் தீர்மானிக்கும் பகடைகள்) 5+3, ஸ்பெக்டருக்கு 7+3. ரெய்த் தாக்கினால் தாக்கப்பட்ட பாத்திரத்தின் அனுபவ நிலையில் ஒன்று போகும், ஸ்பெக்டர் தாக்கினால் இரண்டு. ஐந்தாம் பதிப்பின் 2014 நூலில் எல்லாம் தலைகீழ். ஸ்பெக்டரின் சவால் மதிப்பு (எவ்வளவு ஆபத்தானது என்ற அளவு) 1, ரெய்த்தினுடையது 5. வன்சாவு அடைந்தவரின் ஆவியை ரெய்த்தே ஸ்பெக்டராக எழுப்பி ஏவுகிறது. அப்போது பெரும்பேய் சிறுபேய்க்கு ஏவல் செய்யும்! வலிமையை வைத்துப் பெயரிட்டால் பதிப்பு மாறியதும் பெயர் பொய்யாகிவிடும். எல்லாப் பதிப்பிலும் மாறாத ஒன்றைப் பிடித்துத்தான் பெயர் வைக்க வேண்டும்.

நிலையைப் பறிக்கும் அந்தத் தாக்குதலுக்கு நாம் வைத்த 'நிலையுறிஞ்சல்' என்ற சொல்லும் அப்படியே. போன மாதம் பழைய விதிப்படி ஆடினோம். வைட் ஒரே அடி அடித்தது. ஐந்தாம் நிலை வீரன் நான்காம் நிலைக்கு இறங்கினான். அவனை ஆடிய மாணவி உயிர்ப்புள்ளி, தாக்கும் எண், காப்பெறிதல் (ஆபத்திலிருந்து தப்பப் பகடை உருட்டுவது) எண்கள் என்று ஒவ்வொன்றாக ரப்பரால் தேய்த்தாள். உயிர்ப்புள்ளிக் கட்டத்தில் தாள் கிழிந்தேவிட்டது. அதற்குப் பிறகு அவள் வைட் நின்ற பக்கம் போகவே இல்லை. ஐந்தாம் பதிப்பில் உடல்வலுக் காப்பெறிதலில் தவறினால் உச்ச உயிர்ப்புள்ளி மட்டும் குறையும். நீண்ட ஓய்வெடுத்தால் திரும்பிவிடும். இந்த இரண்டையும் ஒரே சொல்லால் எழுத எனக்கு மனம் வரவில்லை. புதியதற்கு 'உயிருறிஞ்சல்' என்று போடுகிறேன்.

———

உயிருறிஞ்சல் நன்று. மாண்டுலவியைத்தான் ஏற்க முடியவில்லை. 'மாண்ட என் மனைவியொடு மக்களும் நிரம்பினர்' என்ற புறநானூற்று 191ஆம் பாட்டை நினைத்துப் பாருங்கள். அங்கே மாண்ட என்றால் மாண்புடைய.

———

அந்தப் பாட்டைப் பாடம் நடத்தும்போது மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் 'செத்துப்போன மனைவி' என்றுதான் முதலில் படிக்கிறார்கள். இன்றைய காதுக்கு மாண்டால் செத்ததுதான். எனவே மாண்டுலவிக்கே என் வாக்கு.

———

நான்கு பேர் மாண்டுலவி, இருவர் பேய், ஒருவர் அலகை. நாளை அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். மாண்டுலவி என்றே போடுகிறேன். லிச்சுக்கு இன்னும் சொல் கிடைக்கவில்லை, இப்போதைக்கு லிச்சாகவே இருக்கட்டும்.

———

அச்சடியுங்கள். எனக்கு வரும் அட்டையில் அடித்துவிட்டு அலகை என்று எழுதிக்கொள்வேன்.