முதலீட்டுச் சமூகப்பயன்: கலைச்சொல் முன்மொழிவு

அன்புடையீர், வணக்கம். சமூகப்பயனை அளக்கும் ஒரு முறையின் ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்ச்சொல் காண நம் குழு திரட்டிய பரிந்துரைப் பட்டியலைப் பற்றிய என் கருத்துகள் இவை.

சமூக சேவைத் திட்டங்கள் உண்டாக்கும் மதிப்பை அளக்கும் ‘சோஷியல் ரிட்டர்ன் ஆன் இன்வெஸ்ட்மென்ட்’ முறைக்கு இதுவரை வந்த பரிந்துரைகளுள் ‘முதலீட்டின் மீதான சமூக வருவாய்’ என்பதற்கே ஆதரவு மிகுந்துள்ளது. அதை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. வருவாய் என்றால் போட்டவர் கைக்கே திரும்பி வருவது என்றுதான் பொருள்கொள்வோம். இங்கோ பணம் போடுபவர் ஒருவர், பயன் பெறுபவர் வேறொருவர். முதியோருக்குத் துணையிருக்கும் திட்டத்துக்கு நன்கொடை தந்தவருக்குக் காசு எதுவும் திரும்பாது. முதியவரின் தனிமை குறைகிறது, அதனால் அவர் மருத்துவமனைக்குச் செல்வது குறையுமானால் அரசின் செலவும் மிச்சப்படுகிறது. ஆகவே ‘முதலீட்டுச் சமூகப்பயன்’ என்பதை முன்மொழிகிறேன்.

இதோடு ‘விகிதம்’ என்பதையும் சேர்த்துப் பெயரிடலாம் என்றார் ஒரு நண்பர். அது வேண்டாம் என்பேன். 1990களின் பிற்பகுதியில் சான்பிரான்சிஸ்கோவின் ராபர்ட்ஸ் என்டர்பிரைஸ் டெவலப்மென்ட் ஃபண்ட் என்ற கொடை அமைப்பு இம்முறையை வகுத்தது. பின்னர் பிரிட்டன் அமைச்சரவை அலுவலகத்தின் ஆதரவில் 2009இல் வெளிவந்து 2012இல் திருத்தப்பட்ட வழிகாட்டி, ஒற்றை எண்ணில் முடிந்துவிடுவதன்று இம்முறை என்பதை வலியுறுத்துகிறது. பெயரிலேயே விகிதம் இருந்தால் ஒரு ரூபாய் முதலீட்டுக்கு மூன்று ரூபாய் பயன், நான்கு ரூபாய் பயன் என்று கடைசியில் கிடைக்கும் எண் மட்டுமே பேசப்படும். அறிக்கைகளில் அதுதான் நடக்கிறது என்பது வேறு செய்தி. அடிச்சொல்லைத் தனியே வைத்துக்கொண்டால், ‘முதலீட்டுச் சமூகப்பயன் பகுப்பாய்வு’, ‘முதலீட்டுச் சமூகப்பயன் விகிதம்’ என்று தேவைக்கேற்ப நீட்டிக்கொள்ளலாம்.

உண்மையான சிக்கல், மொத்த விளைவிலிருந்து திட்டத்தின் கணக்கில் சேராதவற்றை நீக்கும் கழிவுகளுக்கான சொற்களில்தான் இருக்கிறது. ஒரு தொழிற்பயிற்சித் திட்டத்தில் பயின்றவர்களுள் 60 பேருக்கு வேலை கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். அவர்களுள் 25 பேருக்குப் பயிற்சி இல்லாவிட்டாலும் வேலை கிடைத்திருக்கும் என்றால் மீதி 35. அதில் ஐந்தில் ஒரு பங்கு வேறோர் அமைப்பின் வழிகாட்டுதலால் நேர்ந்தது என்றால் 28. அதிலும் கால்பங்கு, வேறு யாருக்கோ கிடைத்திருக்க வேண்டிய வேலையே இவர்களுக்கு வந்தது என்றால், திட்டத்தின் கணக்கில் நிற்பது 21தான். இந்த 21ஐத்தான் இம்முறை ‘இம்பாக்ட்’ என்கிறது. ‘தாக்கம்’ என்பது பொதுவழக்கில் ஊன்றிவிட்ட சொல்லாயினும், கழித்து எஞ்சியது என்ற கணக்குப்பொருள் அதில் இல்லாமையால், 60ஐயே தாக்கம் என்று எழுதிவிடுவதற்கு அது இடந்தருகிறது. ‘நிகரவிளைவு’ என்றால் கழித்தாயிற்றா என்ற கேள்வி படிப்பவருக்கே எழும்.

முதற்கழிவான ‘டெட்வெயிட்’ என்பதற்குப் பட்டியலில் உள்ள ‘பயனற்ற சுமை’ அறவே பொருந்தாது. வேலை பெற்ற அந்த 25 பேர் எவருக்கும் சுமையல்லர். அவர்கள் பெற்றது திட்டத்தால் வந்ததன்று, அவ்வளவே. திட்டம் இல்லாமலும் இயல்பாக நிகழ்ந்திருக்கக்கூடியது என்ற பொருளில் ‘இயல்விளைவு’ எனலாம். நிகரவிளைவுக்கு இணையாகவும் ஒலிக்கும். வேறோர் அமைப்பின் பங்கைக் கழிக்கும் ‘அட்ரிபியூஷன்’ என்பதைப் ‘பங்குரிமை’ என்று பெயர்த்தால் நிறுவனப் பங்குகளின் நினைவு வரும் என்பதால் ‘விளைவுப் பகிர்வு’ போதும். ஆண்டு செல்லச்செல்ல விளைவு குறைவதைத் ‘தேய்மானம்’ என்று எழுதியிருந்தவருக்கு: அது கணக்கியலில் இயந்திரம், கட்டடம் முதலியவற்றின் மதிப்புக்குறைவுக்கு உறுதியாகிவிட்ட சொல், இங்கு ‘விளைவுத் தேய்வு’ என்று பிரித்துக்காட்டுவது நல்லது.

சந்தைவிலை இல்லாத மாற்றத்துக்குப் பணமதிப்பு குறிக்க எடுத்துக்கொள்ளும் ‘ஃபினான்ஷியல் ப்ராக்ஸி’க்கு ‘மதிப்புப் பதிலி’ என்ற பரிந்துரையில் குறை காணவில்லை. தன்னம்பிக்கை கூடியதை உளவள ஆலோசனையின் கட்டணத்தால் மதிப்பிடும்போது அந்தக் கட்டணம் பதிலியாகத்தான் நிற்கிறது. தன்னம்பிக்கையின் விலை அதுவே என்று எவரும் சொல்லவில்லை.

வேறு யாருக்கோ கிடைத்திருக்க வேண்டிய வேலை இவர்களுக்கு வந்ததைக் கழிக்கும் ‘டிஸ்ப்ளேஸ்மென்ட்’ மட்டும் பிடிபடாமல் நிற்கிறது. ‘இடப்பெயர்ச்சி’ என்றால் மக்கள் ஊர்விட்டுப் போவதாகும், ‘இடம்பறிப்பு’ என்றால் வேலை பெற்றவர் மேல் பழி விழும். ‘மாற்றிட இழப்பு’ என்று ஒருவாறு எண்ணிப்பார்த்தேன். ஒருவரின் ஆதாயம் இன்னொருவரின் இழப்பானது அதில் அரைகுறையாகத்தான் வெளிப்படுகிறது. ஏனையவற்றை இந்தச் சுற்றில் முடிவுசெய்துகொண்டு, இதை மட்டும் கேள்விக்குறியுடன் அடுத்த சுற்றுக்கு வைக்கலாம் என்பது என் பரிந்துரை.