புதுப்பிப்பு: குசாட்சு போய் வந்துவிட்டோம்

ஜப்பானில் வெந்நீர் ஊற்றுக் குளியலுக்குப் போக ஹகோனேயா, குசாட்சுவா, எந்த ஊர் நல்லது என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். குசாட்சுவைச் சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி! நானும் மனைவியும் இரண்டு இரவு தங்கிவிட்டு நேற்றுதான் தோக்கியோ திரும்பினோம்.

தோக்கியோவின் உயேனோ நிலையத்திலிருந்து ரயில், பிறகு பஸ். சுமார் 1,200 மீட்டர் உயரம். இறங்கியதுமே கந்தக வாடை. ஊர் நடுவே 'யுபதாக்கே': மரத்தொட்டிகளில் ஆவி பறக்க ஓடும் வெந்நீர், அடியில் வெளிர்மஞ்சள் படிவு. இரவு விளக்கொளியில் அதைப் பார்த்தபடி வெகுநேரம் பேசாமல் நின்றோம்.

ஊற்று நீரின் சூடு 50 டிகிரிக்கு மேல். பச்சைத் தண்ணீர் கலந்தால் நீரின் குணம் கெட்டுவிடும் என்று, பெண்கள் பாடிக்கொண்டே நீண்ட பலகைகளால் துழாவி ஆற்றுகிறார்கள். 'யுமோமி' என்ற இந்தப் பழக்கத்தை அவசியம் பாருங்கள்.

போகிறவர்கள் வெள்ளி நகைகளைக் கழற்றிவிடுங்கள். நீர் கடும் அமிலத்தன்மை கொண்டது, கந்தகமும் உண்டு. மனைவியின் மெட்டி ஒரே முழுக்கில் கறுத்துவிட்டது.

ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் குளியலறை. நான் முதலில் முடித்து வாசலில் காத்திருந்தேன். முகம் சிவக்க, ஈரத்தலையில் துண்டோடு வந்தவள், "சாப்பிட்டுவிட்டு இன்னொரு முறை போகலாமா?" என்றாள். போனோம்.