மொழி மாறினால் பார்வையும் மாறுமா? ஜப்பானியக் குழந்தைகளை வைத்து ஒரு சண்டை

பொன்வண்டு:
மொழிக்கும் சிந்தனைக்கும் சம்பந்தமே இல்லை என்று அடித்துச் சொல்பவர்கள், முட்சுமி இமாயும் டெட்ரே ஜென்ட்னரும் 1997-இல் வெளியிட்ட சோதனையைப் பார்த்துவிட்டு வாருங்கள். சிறுநீரக வடிவில் ஒரு மெழுகுத் துண்டைக் காட்டி, யாரும் கேட்டிராத ஒரு பெயரைச் சொல்கிறார்கள். அப்புறம் அதே வடிவத்தில் வேறு பொருளால் செய்த ஒன்று, அதே மெழுகின் சில்லுகள், இந்த இரண்டில் அந்தப் பெயர் எதற்குப் பொருந்தும் என்று கேட்கிறார்கள். ஆங்கிலம் பேசும் குழந்தைகள் வடிவத்தைப் பிடித்துக்கொண்டார்கள், ஜப்பானியக் குழந்தைகள் பாதி இங்கே பாதி அங்கே. இரண்டு வயதிலேயே இந்த வித்தியாசம்! ஜப்பானிய மொழியில் பென்சிலை எண்ண 'ஹோன்', காகிதத்தை எண்ண 'மாய்' என்று எண்ணோடு ஒரு ஒட்டு வேண்டும். ஆங்கிலத்தில் அது கிடையாது, ஆனால் கோப்பை மாதிரி எண்ணக்கூடியதா, தண்ணீர் மாதிரி எண்ண முடியாததா என்று ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் முடிவு செய்தாக வேண்டும். அந்தப் பழக்கம் பார்வையில் ஏறாமல் எங்கே போகும்?

வழிப்போக்கன்:
பாதியை விட்டுவிட்டீர்களே நண்பரே. எலுமிச்சை பிழியும் கருவி மாதிரி சிக்கலான வடிவமுள்ள பொருள்களைக் காட்டியபோது இரண்டு மொழிக் குழந்தைகளும் வடிவத்தைத்தான் எடுத்தார்கள். அதுவும் அதே கட்டுரையில் இருக்கிறது. 2009-இல் பெக்கி லீ, யாரோ டன்ஹாம், சூசன் கேரி மூவரும் இதையே திரும்பச் செய்தார்கள். புதுப் பெயரைக் கொடுத்துக் கேட்ட சோதனைகளில் வித்தியாசம் வந்தது, பெயரே இல்லாமல் கேட்ட கடைசிச் சோதனையில் காணாமல் போனது. அதாவது புதுச் சொல்லுக்கு என்ன அர்த்தம் இருக்கும் என்ற ஊகம்தான் மாறுகிறது, கண் மாறவில்லை. நாமும்தான் 'மூன்று மாம்பழம்' என்று பன்மை விகுதி போடாமல் கேட்கிறோம், அதனால் கடைக்காரர் கூழ் ஊற்றியா கொடுக்கிறார்?

பொன்வண்டு:
சரி, சொல்லே இல்லாத சோதனை வேண்டுமா? மசூடாவும் நிஸ்பெட்டும், 2001. ஜப்பானியர்களுக்கும் அமெரிக்கர்களுக்கும் மீன்கள் நீந்தும் அசைபடத்தைக் காட்டி என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார்கள். பெரிய மீனை இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவுதான் குறிப்பிட்டது. ஆனால் பாசி, கல், நீரின் நிறம் என்று பின்னணியை ஜப்பானியர்கள் 60 சதவீதத்துக்கு மேல் அதிகமாகச் சொன்னார்கள். பின்னணியை மாற்றி அதே மீனைக் காட்டினால் ஜப்பானியர்கள் தடுமாறினார்கள், அமெரிக்கர்களுக்கு அது பெரிதாகத் தட்டுப்படவே இல்லை.

வழிப்போக்கன்:
அது கியோட்டோ, மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர்கள். வளர்ப்பு, பள்ளிக்கூடம், ஊர் எல்லாம் வேறு. இதில் இலக்கணம் செய்த வேலை எது என்று எப்படிப் பிரிப்பீர்கள்? எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள்.

செண்பகம்:
இரண்டு பேரும் இலக்கணத்தையே சுற்றி வருகிறீர்கள். குழந்தை வாய் திறப்பதற்கு முன்னால் வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்த்தது ஃபெர்னால்ட், மொரிகாவா ஆய்வு (1993). ஒரே பொம்மைக் காரை வைத்துக்கொண்டு அமெரிக்க அம்மா 'இது கார், பார்த்தியா, சக்கரம் அழகா இருக்கு' என்கிறார். ஜப்பானிய அம்மா காரைக் கையில் கொடுத்து, 'அம்மாகிட்ட கொடு' என்று திரும்ப வாங்கி, நன்றி சொல்கிறார். ஒருவர் பெயர் சொல்லிக் கொடுக்கிறார், இன்னொருவர் கொடுத்து வாங்கும் மரியாதையைப் பழக்குகிறார். அமெரிக்கக் குழந்தைகளுக்குப் பெயர்ச்சொற்கள் அதிகம் தெரிந்திருந்ததில் என்ன ஆச்சரியம்? மீன் படத்தில் பின்னணியைப் பார்க்கும் பழக்கத்தையும் இந்த மாதிரிக் கொஞ்சல்களில் தேட வேண்டும் என்பது என் எண்ணம்.

காதுக்கும் இதே கதைதான். பட்ரீசியா கூல் குழுவின் 2006 ஆய்வில், ஜப்பானிய மொழி வேறுபடுத்தாத ஆங்கில ர, ல ஒலிகளைப் பிரித்தறிவதில் 6-8 மாதத்தில் இரு நாட்டுக் குழந்தைகளும் 64 சதவீதத்தை ஒட்டி இருந்தார்கள். 10-12 மாதத்தில் அமெரிக்கக் குழந்தைகள் 74-ஐத் தொட்டார்கள், ஜப்பானியக் குழந்தைகள் 60-க்கு இறங்கினார்கள்.

வழிப்போக்கன்:
என் கட்சிக்கு ஆள் சேர்க்கிறீர்கள், நன்றி. 1975-இல் மியாவாக்கி குழு ர, ல இரண்டையும் வேறுபடுத்தும் அந்த ஒலிக்கூறை மட்டும் தனியே பிரித்து, பேச்சாகக் காதில் விழாதபடி கேட்க வைத்தது. ஜப்பானியப் பெரியவர்கள் அமெரிக்கர்களுக்குச் சளைக்காமல் கண்டுபிடித்தார்கள். காது நன்றாகத்தான் இருக்கிறது, பேச்சு என்று வரும்போது மட்டும்தான் தடுமாற்றம்.

பொன்வண்டு:
பேச்சு என்று வரும்போது மட்டும் என்று இவ்வளவு லேசாகச் சொல்கிறீர்களே! ஒரு வயதுக்குள்ளேயே கேட்கும் விதத்தை மொழி திருத்திவிடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்கு வேண்டாம். காதில் மட்டும் செய்துவிட்டு மற்ற எதையும் அது தொடாது என்று எந்த அடிப்படையில் சொல்கிறீர்கள்? செண்பகம் சொன்ன அம்மாக்களும் மொழியில்தானே கொஞ்சுகிறார்கள்?

வழிப்போக்கன்:
தொடும் என்று சொல்வது நீங்கள், ஆதாரம் காட்ட வேண்டியதும் நீங்கள். பெயர் சொல்லாமல் அந்த மெழுகுத் துண்டைக் காட்டியும் வித்தியாசம் வந்த சோதனை ஒன்றைக் கொண்டுவாருங்கள், பேசுவோம்.