போர் தண்ணீரில் செடித் தொட்டி: எல்லாவற்றையும் கலைத்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாமா?

சேலையூர்வாசி:

வணக்கம். நீர்ச்செடி வளர்க்க வாங்கிய இரண்டடி மீன் தொட்டி, 60 லிட்டர் சொச்சம் தண்ணீர் பிடிக்கும். வீட்டில் முழுக்க போர் தண்ணீர்தான், ஆர்.ஓ. சர்வீஸுக்கு வந்தவர் மீட்டரை விட்டுப் பார்த்து டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு) 900 என்றார். ஆர்.ஓ. குழாயில் வருவது 50க்குக் கீழே. கொளத்தூர் போய் தொட்டி, ஸ்பான்ஞ் ஃபில்டர், வெள்ளை மார்பிள் கல் இரண்டு பை, கார்பெட் புல் விதை ஒரு பாக்கெட், பெயர் தெரியாத செடிகள் ஒரு கட்டு, நியான் டெட்ரா ஒரு டஜன், எல்லாம் ஒரே நாளில் வாங்கி வந்தோம். ஒரு நாள் ஃபில்டரை ஓடவிட்டு மீனை விட்டால் போதும் என்றார்கள்.

நியான் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. விதை நன்றாக முளைத்துப் பச்சைப்பசேல் என்று வந்தது, தண்ணீரை முழுசாக நிரப்பிய பிறகு அடியோடு அழுகி மேலே மிதந்தது, கூடத்தில் உட்கார முடியாத நாற்றம். கட்டில் வந்த செடிகளில் ஊதா இலைக்காரி கூழாகிவிட்டாள், க்ரிப்டோகோரைன் என்று சொல்லிக் கொடுத்தது இலை எல்லாம் கொட்டி வேர் மட்டும் நிற்கிறது. அப்புறம் கண்ணாடி முழுக்கப் பழுப்பாக ஒரு படலம், அது போனதும் இழை இழையாகப் பச்சைப் பாசி. விளக்கு 30 வாட்ஸ் எல்.இ.டி., காலையில் போட்டால் ராத்திரி படுக்கப் போகும்போதுதான் அணைப்போம்.

பக்கத்து வீட்டுப் பையன் கொடுத்த கப்பிகள் மட்டும் இது எதையும் கண்டுகொள்ளாமல் நீந்துகின்றன, குட்டியும் போட்டாயிற்று. இந்த முறையும் நாறினால் தொட்டியில் துளசி நட்டுவிடுவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். கேட்க வேண்டியது இதுதான்: முழுக்க ஆர்.ஓ. தண்ணீருக்குப் போய்விடலாமா? அடியில் மண் போட வேண்டுமா, செடிக்குக் கார்பன் டை ஆக்சைடு கொடுக்கும் சிலிண்டர் இல்லாமல் முடியுமா? எல்லாவற்றையும் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி சுத்தமாக ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன்.

குளத்தங்கரை:

பிளீச்சிங் பவுடரை அப்படியே கீழே வையுங்கள் சார். தொட்டியில் இன்று உருப்படியாக இருப்பது அந்த அழுக்கு ஸ்பான்ஞ்தான். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா அதில்தான் குடியிருக்கிறது. புதுத் தொட்டியில் அது வந்து சேர நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும், உங்களிடம் சும்மாவே வந்திருக்கிறது. கப்பியையும் ஸ்பான்ஞ்சையும் பழைய தொட்டித் தண்ணீரோடு ஒரு பெரிய பக்கெட்டில் போட்டு ஏர் பம்ப்பை ஓடவிடுங்கள். ஸ்பான்ஞ்சைக் கசக்க வேண்டியிருந்தால் தொட்டித் தண்ணீரில் மட்டும் கசக்குங்கள். கரண்ட் போய் பம்ப் மணிக்கணக்கில் நின்றாலும் பாக்டீரியா மூச்சுமுட்டிச் சாகும், இன்வெர்ட்டர் லைனில் மாட்டிவிடுவது நல்லது.

நியானுக்கு ஏன் அந்த கதி என்றால், அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவமாக இருக்கும், ஒன்று மீனைக் கொல்லும், இன்னொன்று அவ்வளவாகச் செய்யாது. 30 டிகிரி சூட்டில் பிஹெச் 7 என்றால் விஷ வடிவம் மொத்தத்தில் ஒரு சதவீதம்கூட இருக்காது, அதே சூட்டில் பிஹெச் 8 ஆனால் ஏழெட்டு சதவீதத்துக்குப் போய்விடும். நம் போர் தண்ணீர் சாதாரணமாகவே 8ஐ ஒட்டித்தான் நிற்கும். போதாததற்கு நியான் அமேசான் காட்டு ஓடைகளில் மெல்லிய, கொஞ்சம் புளிப்பான தண்ணீரில் வாழ்கிற மீன். ஒரு நாள் வயதுத் தொட்டி, கடின நீர், சென்னை வெயில், மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் அது என்ன செய்யும்.

மார்பிள் கல்லை முதலில் வெளியே எடுங்கள். மார்பிள் என்பது கால்சியம் கார்பனேட், கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து கடினத்தை ஏற்றும். எந்தக் கல், மணல் வாங்கினாலும் ஒரு கைப்பிடி எடுத்து வினிகர் ஊற்றிப் பாருங்கள், நுரைத்தால் வேண்டாம். சிப்பித் தூள் கலந்த கடற்கரை மணலும் இதே கேஸ்தான்.

தண்ணீருக்கு வருவோம். முழுக்க ஆர்.ஓ. வேண்டாம், அதில் செடிக்குத் தேவையான கால்சியமும் மக்னீசியமும் கிட்டத்தட்ட இல்லை, பிஹெச்சும் ஓரிடத்தில் நிற்காது. மூன்று பங்கு ஆர்.ஓ., ஒரு பங்கு போர் என்று கலந்தால் உங்கள் கணக்குக்கு 260 வாக்கில் வரும், அது வசதியான இடம். ஆனால் பலரும் கோட்டை விடுவது வேறு இடத்தில். மே மாதத்தில் மளமளவென்று நீர்மட்டம் இறங்கும், ஆவியாகிறது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே இருக்கிறது. குறைந்ததை மறுபடி போர் தண்ணீரால் நிரப்பினால் ஒவ்வொரு தடவையும் உப்பு ஏறிக்கொண்டே போகும். ஆவியானதை ஈடுகட்ட ஆர்.ஓ. தண்ணீர் மட்டும், வாராவாரம் கால்வாசி மாற்றும்போது கலந்த தண்ணீர். இந்த ஒன்றைக் கடைப்பிடித்தாலே பாதி தொல்லை தீரும்.

மொட்டைமாடி டேங்கிலிருந்து மத்தியானம் நேராகப் பிடித்து ஊற்றாதீர்கள், கை வைக்க முடியாத சூட்டில் வரும்.

சிறுவாணித்தண்ணி:

கோவையிலிருந்து ஒரு சின்னத் திருத்தம். டிடிஎஸ் மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும், அது சுண்ணாம்பா சோடியமா என்று சொல்லாது. 900 என்பது கால்சியமாக இருந்தால் செடி ஏதோ சமாளிக்கும், சாப்பாட்டு உப்பாக இருந்தால் கதை வேறு. ஜிஹெச் (கால்சியம், மக்னீசியக் கடினம்), கேஹெச் (கார்பனேட் கடினம்) பார்க்கும் சொட்டு கிட் வாங்கி ஒரு தடவையாவது பாருங்கள். அப்பார்ட்மென்ட்டில் சாஃப்ட்னர் வைத்திருந்தால் அந்தத் தண்ணீரை எடுக்கவே வேண்டாம், அது கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகிற இயந்திரம், டிடிஎஸ் குறையவே குறையாது.

எங்கள் வீட்டுத் தொல்லை நேர்மாறு. சிறுவாணி நீர் மெல்லிசு, கப்பி வாடிப்போகிறது என்று ஃபில்டருக்குள் கிளிஞ்சல் போட்டு வைத்திருக்கிறேன். உங்கள் மார்பிளை இங்கே அனுப்பிவிடுங்கள்.

மதுரை_மண்வாசி:

குளத்தங்கரை அண்ணன் சொன்னதில் ஸ்பான்ஞ் விஷயம் நூற்றுக்கு நூறு சரி. ஆனால் ஆர்.ஓ. கலக்கும் வேலை எனக்கு ஒத்துவராது. ஒரு லிட்டர் ஆர்.ஓ. எடுக்க அதைவிட அதிகம் கழிவாகக் கொட்டுகிறது, கோடையில் லாரிக்குக் காத்திருக்கும் ஊரில் அது எனக்கு உறுத்தும். நான் மதுரையில் நேராகப் போர் தண்ணீர்தான் ஊற்றுகிறேன், தொட்டி அடர்ந்த காடாக நிற்கிறது. தண்ணீருக்கு ஏற்ற செடியை எடுக்கிறேன், அவ்வளவுதான்.

வாலிஸ்நேரியா, வேலம்பாசி இரண்டும் தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டிலிருந்தே கார்பனை இழுத்துக்கொள்ளும், கடின நீர் அவற்றுக்குத் தீனி. எல்லாச் செடிக்கும் அந்தத் திறமை கிடையாது. சிலிண்டர் இல்லாமல் நம் தண்ணீரில் இவை ஓடுவதற்குக் காரணம் அதுதான். கூடவே அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டையும் கட்டையில் நூலால் கட்டுங்கள் அல்லது ஃபெவிக்விக் ஒரு சொட்டு விட்டு ஒட்டுங்கள், அந்தத் தடித்த தண்டை மண்ணுக்குள் புதைத்தால் அழுகும். க்ரிப்டோகோரைனைப் பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள்! பண்ணையில் அதைத் தண்ணீருக்கு வெளியே ஈரப்பதத்தில் வளர்க்கிறார்கள், மூழ்கியதும் பழைய இலையைக் கொட்டிவிட்டு நீருக்குள் வாழ வேறு இலை விடும். வேர் கெட்டியாக இருந்தால் இடத்தை மாற்றாமல் விடுங்கள். வெண்ட்டியை என்ற வகை இலங்கைக்கே சொந்தமான செடி, நம் சூடு அதற்குப் புதிதல்ல.

ஊதா இலைச் செடி நீர்ச்செடியே இல்லாமல் இருக்கலாம். டிராசீனா, தோட்டத்து ஆல்டர்னான்தெரா என்று அழகுக்காகத் தண்ணீரில் நிறுத்தி விற்பது எல்லா ஊரிலும் உண்டு. விதைப் பாக்கெட்டும் அந்த ரகம்தான், ஈர மண்ணில் முளைக்கும், நீருக்குள் நிற்காது. நீர்ச்செடியைத் தூக்கினால் துவண்டு தொங்கும், விறைப்பாக நின்றால் சந்தேகப்படுங்கள். (அனுபியாஸ் விதிவிலக்கு, அது எங்கேயும் விறைப்புதான்.)

மண் விஷயம்: சலித்த தோட்ட மண்ணோடு கொஞ்சம் மண்புழு உரம், ஒரு அங்குலம் போதும். பக்கெட்டில் ஊறவைத்து மிதப்பதை வடித்து, தண்ணீரை நாலைந்து தடவை மாற்றிவிட்டுப் போடுங்கள். மேலே கழுவிய மணல் ஒன்றரை அங்குலம். அதற்கு மேல் கனமாகப் போட்டால் அடியில் காற்றில்லாமல் அழுகிய முட்டை நாற்றம் கிளம்பும், வீட்டில் துளசி நட இடம் கிடைத்துவிடும். மண் முதல் சில வாரம் அம்மோனியா விடும், அதைச் செடி குடித்துக்கொள்ளும், அதனால்தான் முதல் நாளே தொட்டியில் முக்கால்வாசி செடி இருக்க வேண்டும் என்கிறோம். பத்து நாள் கழித்து மேலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நாலு தண்டு நட்டுவைத்தால் அந்த இடத்தைப் பாசி எடுத்துக்கொள்ளும்.

பாசிக்கு வேறு மருந்து தேட வேண்டாம். பழுப்புப் படலம் புதுத் தொட்டிக்கு வருவது, தானாகப் போவது. இழைப்பாசிக்குக் காரணம் உங்கள் விளக்கு. ஒரு டைமர் வாங்கி ஆறு மணி நேரத்தோடு நிறுத்துங்கள். மாலை 4 முதல் 10 வரை எரியட்டும், ஆபீஸ் விட்டு வந்து நீங்களும் பார்க்கலாம்.

சேலையூர்வாசி:

எல்லோருக்கும் நன்றி. மார்பிளில் வினிகர் விட்டுப் பார்த்தேன், சோடா மாதிரி பொங்கியது. சிலிண்டருக்குப் பதில் லிக்விட் கார்பன் ஊற்றினால் பாசியும் போகும் என்று ஒருவர் சொல்கிறார். பாசியைத் தின்ன டேங்க் கிளீனர் மீன் ஒன்றும் விடலாமா? வருகிற வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போகிறேன், மீனையும் அப்போதே வாங்கிவிடலாமா?

குளத்தங்கரை:

லிக்விட் கார்பன் பாட்டிலில் இருப்பது குளூட்டரால்டிஹைடு வகை, கிருமிநாசினி. இழைப்பாசியைக் கொஞ்சம் அடக்கும்தான், ஆனால் வாலிஸ்நேரியா அதில் கரைந்துபோகும், மதுரைக்காரர் சொன்ன செடிகளை நம்பி இறங்கினால் பாட்டிலை மறந்துவிடுங்கள்.

டேங்க் கிளீனர் வேண்டவே வேண்டாம். விரல் நீளத்தில் வாங்குவீர்கள், ஒரு அடிக்கு மேல் வளரும், இரண்டடித் தொட்டியில் திரும்ப இடம் இருக்காது, நட்ட செடியை எல்லாம் பெயர்த்துப் போடும். அப்புறம் மனசு கேட்காமல் ஏரியில் கொண்டுபோய் விடுவார்கள், தமிழ்நாட்டு நீர்நிலைகளில் அது பரவிக் கிடப்பது இப்படித்தான். பாசி சுரண்ட நத்தை போதும், அது செடியோடு ஒட்டிக்கொண்டு இலவசமாகவே வரும்.

மதுரைத் தம்பியோடு ஆர்.ஓ. விஷயத்தில் சண்டை போட மாட்டேன். அவர் சொன்ன செடிகளும் கப்பியும் மட்டும் என்றால் ஒரு பங்குக்கு ஒரு பங்கு கலந்தாலே தாராளம், ஆவியானதை நிரப்ப மட்டும் ஆர்.ஓ. கட்டாயம். டெட்ரா ஆசை இருந்தால்தான் மூன்றுக்கு ஒன்று.

வெள்ளிக்கிழமை செடி மட்டும் வாங்குங்கள், பட்ஜெட் மொத்தமும் செடிக்கே போகட்டும். பக்கெட்டில் இருக்கிற கப்பிகளை உடனே உள்ளே விடவேண்டாம், மண் போட்ட தொட்டி, அம்மோனியா ஏறும். ஸ்பான்ஞ் பக்கெட்டிலேயே கப்பியோடு இருக்கட்டும், தொட்டிக்கு இன்னொரு சின்ன ஸ்பான்ஞ் ஃபில்டர் மாட்டி, பழைய ஸ்பான்ஞ்சைக் கசக்கிய அழுக்குத் தண்ணீரை அதன்மேல் ஊற்றுங்கள். அம்மோனியா கிட்டும் நைட்ரைட் கிட்டும் அடுத்தடுத்து சில நாள் பூஜ்யம் காட்டினால் கப்பி உள்ளே போகலாம். புது மீன் அதற்கும் ஒரு மாதம் பிறகு, அதுவும் ஏப்ரல், மே தாண்டி. 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜன் பிடிக்கிற தண்ணீர் 32ல் 7 சொச்சத்தோடு நின்றுவிடும், மீனுக்கோ அந்தச் சூட்டில் அதிகம் தேவைப்படும். கோடை முழுக்க ஏர் பம்ப் ராத்திரியும் ஓடட்டும், மூடியைத் திறந்து நீர்மட்டத்தின் மேல் ஒரு சின்ன ஃபேன் வையுங்கள், கடலோரப் புழுக்கத்தில் பெரிதாக இறங்காது, ஒரு டிகிரி இறங்கினாலும் லாபம்தான்.

மதுரை_மண்வாசி:

ஒன்று விட்டுப்போயிற்று. மண் போட்டிருப்பதால் முதல் சில மாதம் உரம் எதுவும் ஊற்றாதீர்கள். அப்புறம் பழைய இலையில் ஊசி குத்தியது போல ஓட்டை விழ ஆரம்பித்தால் பொட்டாசியம் குறைவு, உரக்கடையில் 13-0-45 என்று கேட்டால் பொட்டாசியம் நைட்ரேட் கிடைக்கும், மீன் கடை பாட்டில் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. கால் ஸ்பூனுக்கும் குறைவாகக் கரைத்து வாரம் ஒருமுறை. இளம் இலை வெளிறினால் அது இரும்பு, அதற்குத் தனியாக ஒரு திரி போடுங்கள், அங்கே பேசலாம்.