16 வயதில் லத்தீன் தொடங்கலாமா? கல்லூரிக்கு இன்னும் இரண்டே வருடம்

தூங்காத_அம்மா:
மகனுக்கு 16 வயது. இதுவரை வழக்கமான பாடத்திட்டம்தான். திடீரென்று கத்தோலிக்க மரபுக் கல்வி வேண்டும் என்கிறான்: லத்தீன், தர்க்கம், இறையியல் மேதை அக்வினாஸ், பழைய கிரேக்கக் கணித மேதை யூக்ளிடின் வடிவியல் எல்லாம். ஆசை நல்லதுதான், ஆனால் அவன் சேர நினைப்பது இன்ஜினியரிங். ஒரு பாடத்திட்டத்தை எடுத்துப் பார்த்தேன். 12 வயதுக்குள் லத்தீன் இலக்கணம் முடித்திருக்க வேண்டுமாம். அங்கேயே மூடி வைத்துவிட்டேன். ரொம்பத் தாமதமாகிவிட்டதா? எதை எடுக்கலாம், எதை விடலாம்?

இரண்டாம்_வேற்றுமை:
அக்கா, நான் தொடங்கியது 17-ல். என் தப்பை மட்டும் அவன் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் ‘ரோசா, ரோசே’ என்று வேற்றுமை வடிவங்களை வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தேன். ஒரு வரிகூட வாசித்ததில்லை. கடைசியில் ஒரு வயதான ஃபாதர்தான் இலக்கணப் புத்தகத்தைப் பிடுங்கி வைத்துவிட்டு, கர்த்தர் கற்பித்த ஜெபத்தை லத்தீனில் எழுதிக் கொடுத்தார்.

‘பானெம் நோஸ்த்ரும் குவோதிதியானும் தா நோபிஸ் ஓதியே.’

பானிஸ் என்றால் அப்பம், பானெம் என்றால் அப்பத்தை. அந்தக் கடைசி ‘ம்’ நம்முடைய ‘ஐ’. நோஸ் நாங்கள், நோபிஸ் எங்களுக்கு. ‘தா’ என்றால் தா-வேதான்! தற்செயலான ஒற்றுமை, ஆனால் ஆயுசுக்கும் மறக்காது. தமிழில் எட்டு வேற்றுமை படித்தவனுக்கு லத்தீனின் ஆறு என்ன பெரிய விஷயம்? தினம் அரை மணி நேரம், தெரிந்த ஜெபங்களிலிருந்து தொடங்கட்டும்.

அக்வினாஸை முழுசாகப் படிக்க ஆயுள் போதாது. அவருடைய பெரிய நூலான ‘சும்மா தியோலஜிகா’வில் (பெயரைக் கேட்டுச் சிரிக்கக் கூடாது) முதல் பாகம், 2-ஆம் கேள்வி, 3-ஆம் கூறு. கடவுள் இருக்கிறாரா? எடுத்த எடுப்பில் எதிராளியைத்தான் பேசவிடுகிறார்: உலகில் தீமை இருக்கிறதே, இயற்கையே எல்லாவற்றையும் விளக்கிவிடுகிறதே என்று. அதற்குப் பிறகுதான் கடவுள் இருக்கிறார் என்று நிறுவ அவர் காட்டும் 5 வழிகள். முடிவில் அந்த இரண்டு ஆட்சேபங்களுக்கும் தனித்தனியே மறுமொழி. இதே அமைப்பில் வாரம் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள், எந்தத் தலைப்பானாலும் சரி. எதிர்க்கட்சிக்காரன் படித்துவிட்டு ‘என் வாதத்தை என்னைவிட நன்றாகச் சொல்லியிருக்கிறான்’ என்று ஒப்புக்கொள்ள வேண்டும். கல்லூரியில் எனக்குக் கைகொடுத்தது அதுதான்.

கழுதைப்_பாலம்:
லத்தீன் விஷயத்தில் தம்பி சொன்னதே சரி. நான் கணக்கு டீச்சர், என் பங்குக்கு ஓர் எச்சரிக்கை. யூக்ளிட் இருக்கிறதே என்று கால்குலஸைக் கைவிட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இன்ஜினியரிங் முதல் செமஸ்டரிலேயே திணறிப்போனார்கள். மரபு என்ற பேரில் கணக்கைக் குறைப்பது மரபே இல்லை. இயேசு சபையின் 1599 கல்வித் திட்டத்திலேயே கணிதம் உண்டு. 1582 நாட்காட்டித் திருத்தத்துக்குக் கணக்குப் போட்ட கிளாவியுஸ் அந்தச் சபைக்காரர்தான்.

ஆகவே கால்குலஸ் தினமும், யூக்ளிட் வாரம் இரண்டு தேற்றம். முதல் புத்தகத்தில் 48, 24 வாரத்தில் முடிந்துவிடும். புத்தகம் பார்க்காமல் பலகையில் நிறுவிக் காட்டட்டும், நீங்கள் ‘ஏன்? ஏன்?’ என்று மட்டும் கேளுங்கள். ஐந்தாவதிலேயே முழி பிதுங்கும். இருசமபக்க முக்கோணத்தின் அடிக்கோணங்கள் சமம், அவ்வளவுதான், ஆனால் அதற்குப் பெயரே கழுதைப் பாலம்.

தூங்காத_அம்மா:
நன்றி தம்பி, நன்றி டீச்சர். மூன்று வாரம் ஆச்சு. அந்தப் பாலத்தில் அவனும் மாட்டிக்கொண்டான், ‘ஏன்’ கேட்கப் போய் நானும் மாட்டிக்கொண்டேன். இன்று காலை பைக் சாவிக்குக் கையை நீட்டிக்கொண்டு ‘தா நோபிஸ் சாவி’ என்கிறான்.

இரண்டாம்_வேற்றுமை:
கொடுக்காதீர்கள் அக்கா. ‘கிளாவெம்’ என்று சொன்னால்தான் சாவி.